கொண்டு வரச் சொன்ன கொப்பி

பாஸ்டர்,

ஆராதனை முடிந்து வந்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்த அந்த ஜெபக் கொப்பியை இன்று மத்தியானம் திரும்பவும் இறக்கினேன். சுற்றியிருந்த பொலித்தீன் பையை அவிழ்த்ததும் உங்கள் முழங்கால் தைலம் குப்பென்று மணத்தது. நீங்கள் கண்ணை மூடிப் பத்து மாதமாகிறது. தைலம் தடவின கையோடு பக்கத்தைப் புரட்டாதையுங்கோ, தாள் எண்ணெய் குடிக்குது என்று எத்தனை தரம் உங்களை ஏசியிருப்பேன்! இப்போது பக்கத்துக்குப் பக்கம் அந்த எண்ணெய்க் கறைதான் மிச்சம். கொஞ்ச நேரம் கொப்பியை மூக்கோடு வைத்துக்கொண்டு நின்றேன். என் மனுசி பார்த்துவிட்டு, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டா.

ஆசைக்கு இறக்கவில்லை. பயத்தில் இறக்கினேன். வியாழக்கிழமை ஒரு தொலைபேசி வந்தது. யாரென்று கேட்டதற்கு அந்த ஆள் தன் பெயரைச் சொல்லவில்லை, கந்தோரின் பெயரை மட்டும் சொன்னார், நீங்கள் திங்களுக்குத் திங்கள் போய்க் காத்திருந்த அதே கந்தோர். மரியாதையான குரல். "ஐயா, உங்கட சபைக்கு வாற ஆக்களின்ட பேர் விபரம் வேணும். அவங்க கேக்கிற ஜெபம் எல்லாம் எழுதுற கொப்பி ஒன்று இருக்குதானே, அதைக் கொண்டு வாங்க. செவ்வாய்க்கிழமை பத்து மணி." நான் "ஓம் சேர்" என்றேன். இருந்த கதிரையை விட்டு எழும்பி நின்றுதான் சொன்னேன். தொலைபேசிக்கும் எழும்பி நிற்கிற ஆள் நான். முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கிளாக்கராக இருந்தவனின் முதுகு அப்படித்தான் பழகியிருக்கிறது.

அன்றையிலிருந்து சோறு இறங்கவில்லை. படலையடியில் நாய் குரைத்தால் எழும்பிப் போய் வேலி இடுக்கால் பார்க்கிறேன். வீட்டு வாசலால் மோட்டார்சைக்கிள் போனால் அது வயல் வாய்க்காலைத் தாண்டிப் போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறேன். மனுசி தன் பாட்டுக்கு ஒரு வழி சொன்னா. "இஞ்சாருங்கோ, அதை அடுப்புக்கை வைச்சிட்டு, கறையான் அரிச்சுப் போட்டுதெண்டு சொல்லுங்கோ. ஆர் வந்து பாக்கப் போறாங்கள்?" கெட்ட யோசனை இல்லை. வன்னிக் கறையான் என்றால் எந்தக் கந்தோரும் நம்பும்.

நீங்கள் இருந்திருந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்திருப்பேன், வந்து சண்டையும் பிடித்திருப்பேன். நீங்கள் இல்லை. ஆனபடியால் எழுதுகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன நாட்களை விடத் தர்க்கம் பண்ணின நாட்கள்தான் கூட. ஸ்கந்தபுரத்துக்கு நீங்கள் வந்த புதிதில், அந்தத் தகரக் கொட்டகைக்குள் முதல் பிரசங்கமே வேதப் புத்தகத்தின் அந்த அதிகாரத்தில் வைத்தீர்கள். ஆளுகிறவர்கள் கடவுளால் வைக்கப்பட்டவர்கள், நல்லது செய்கிறவன் அவர்களுக்குப் பயப்படத் தேவையில்லை, கெட்டது செய்கிறவனுக்குத்தான் அவர்கள் பயம் என்று அப்போஸ்தலன் எழுதிவைத்த பகுதி. நான் பிறவி வேதக்காரன். யாழ்ப்பாணத்திலிருந்து, குளத்தடியில் அரசாங்கம் கொடுத்த காணிக்கு வந்த என் அப்பு காலத்திலிருந்து இந்த வேதத்தைக் கேட்டு வளர்ந்தவன். நீங்கள் இருபது வயதுக்குப் பிறகு வேதத்துக்கு வந்தவர், என்னை விடப் பதினொரு வயது இளையவர். ஆராதனை முடிய நேரே உங்களிடம் வந்தேன்.

"பாஸ்டர், இந்த மண்ணிலை நிண்டுகொண்டு இந்தப் பிரசங்கமோ? முன்னுக்கு இருக்கிற சனத்தைப் பாத்தனீங்களோ? பிள்ளையளைத் துலைச்ச சனம்."

"பாத்தேன் ஐயா. மண்ணுக்கு மண் வேதம் மாறுமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீங்கள் சிரித்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து உங்கள் அடையாள அட்டையை எடுத்தீர்கள். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதற்கு மேல் இன்னுமொரு உறை. கிணற்றடியில் குளிக்கும்போதும் அதைக் கிணற்றுக் கட்டில் கண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் குளிப்பீர்கள் என்று பிறகு கண்டுபிடித்தேன்.

"எங்கப்பா தோட்டத்துல கொழுந்து எடுத்த குடும்பம். கலவரத்துல அடிச்சுத் தொரத்தி, லொறியில ஏறி இங்கிட்டு வந்து காட்டை வெட்டினாங்க. எங்கப்பாவுக்கு எந்த நாட்டுலயும் பேரு கெடையாது. அவரு செத்தப்ப அவரு இருந்தாருங்கிறதுக்கே ஒரு தாள் இல்ல. எனக்கு இருவத்தாறு வயசுல இந்தக் கார்டு வந்துச்சு. நீங்க அரசாங்கம் இருக்கிற வீட்டுல பொறந்தவரு கிளாக்கர் ஐயா. அது இல்லாத மனுசன் எப்படிக் கெடப்பான்னு உங்களுக்குத் தெரியாது."

இருந்தாலும் விடவில்லை. இதை எழுதின அப்போஸ்தலனின் கழுத்தை வெட்டினதும் ஒரு அரசாங்கம்தானே என்று கேட்டேன். "ஆமா, வெட்டுனாங்க" என்றீர்கள். அவ்வளவுதான். பிறகு என்னைச் சாப்பிட இருக்கச் சொன்னீர்கள். இரண்டு மரவள்ளிக் கிழங்கும் சம்பலும். சும்மா சொல்லக்கூடாது, சம்பல் நல்லாயிருந்தது.

முதல் கொப்பியைத் தொடங்கினதும் நீங்கள்தான். ஞாயிறு காலையில் கொட்டகை வாசலில் ஒரு மேசையைப் போட்டு என்னை இருத்தினீர்கள். வருகிற சனம் தங்கள் வேண்டுதலை எனக்குச் சொல்லும், நான் எழுதுவேன், ஜெப நேரத்தில் நீங்கள் ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்பீர்கள். "கூட்டமா எல்லாருக்கும்னு கேக்கப்படாது, பேர் சொல்லிக் கேக்கணும்" என்பது உங்கள் பிடிவாதம். மாட்டுக்கு வருத்தம், மருமகள் கோபித்துக்கொண்டு போனது, கிளினிக்கில் சொன்ன செய்தி, எல்லாம் எழுதினேன். அதோடு சேர்த்து, திரும்பி வராத பிள்ளைகளின் பெயர்களும். பூமணி அக்காவின் வேண்டுதல் ஒரு கிழமையும் மாறினதில்லை. மகன் சுதாகரன், சண்டையின் கடைசி நாளில் ஆமியின் பஸ்ஸில் ஏறினவன், கட்டியிருந்தது நீலச் சாரம். எங்கை இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்க வேணும். அவ்வளவுதான் கேட்பா. திரும்பி வரவேணும் என்று கூடக் கேட்கமாட்டா.

மூன்று வருடத்துக்கு முன் அந்தப் படிவம் வந்தது. வழிபாட்டு இடங்களைப் பதிய வேண்டும், வருகிறவர்களின் விபரம் வேண்டும் என்று முத்திரை குத்தின தாள். நான் பயந்தேன். நீங்களோ கலியாண வீட்டுக்காரர் மாதிரி நின்றீர்கள்! படிவத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னிடம் வந்து சொன்னதை நான் மறக்கமாட்டேன்.

"ஐயா, நம்ம கொப்பியவும் சேர்த்துக் குடுப்பமா?"

எனக்கு விளங்கவில்லை.

"சுதாகரன் எங்கன்னு யாருக்குத் தெரியும்? அரசாங்கத்துக்குத்தான் தெரியும். சனங்க என்ன கேட்டு அழுவுதுன்னு அவங்க படிக்கட்டும். அதுக்குத்தானே கடவுள் அவங்கள வெச்சிருக்காரு? நல்லது செய்யத்தானே?"

பாஸ்டர், அந்த நேரம் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு தாள் மேசையை விட்டுப் போனபிறகு அது எந்தெந்தக் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். ஆனால் முத்திரையைக் கண்டால் எழும்பி நிற்கிற புத்தி. அதோடு இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எனக்குச் சிங்களம் எழுத வரும் என்ற பெருமை. ஓய்வு பெற்ற பிறகு ஒருவரும் என்னிடம் ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்று கேட்டதில்லை. கொப்பியை மட்டும் கொடுத்தால் அவர்களுக்கு வாசிக்கக் கஷ்டம் என்று சொல்லி, நானாகவே நான்கு நாள் இருந்து, பெயர், விலாசம், வேண்டுதல் என்று கோடு போட்டு, முத்து முத்தான சிங்களத்தில் எழுதி, கொப்பியோடு சேர்த்துக் கொடுத்தேன். நீங்கள் கொடுத்தது நம்பிக்கையில். நான் கொடுத்தது பயத்திலும் பவிசிலும்.

இரண்டு கிழமை கழித்து வீடுகளுக்கு ஆட்கள் வந்தார்கள். அடிக்கவில்லை, ஏசவில்லை. மோட்டார்சைக்கிளை முற்றத்தில் நிறுத்திவிட்டு, கையில் என்னுடைய தாள்களோடு, ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மகன் என்ன வேலை செய்தவன், எத்தனை வருடம் இயக்கத்தில் இருந்தவன், இப்ப ஆர் உங்களோடு கதைக்கிறது, வெளிநாட்டிலிருந்து ஆர் தொலைபேசி எடுக்கிறது. ஏழு வீடு. அடுத்த ஞாயிறு கொட்டகையில் பதினொரு பேர்தான் இருந்தார்கள். வாசல் மேசையில் ஒருவரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. வெறும் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அன்று பின்னேரம் பூமணி அக்காவின் வீட்டுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? அவா எங்களை இருக்கச் சொல்லவில்லை. மாட்டுக்குக் கஞ்சித் தண்ணி வைத்துக்கொண்டே சொன்னா.

"பாஸ்டர், நான் கடவுளிட்டைத்தானே சொன்னனான்."

நீங்கள் அந்த முற்றத்தில், நொந்த முழங்காலை மடித்து, மண்ணில் முழங்காலிட்டீர்கள். "மன்னிச்சிருங்க அக்கா. குடுக்கிறதுக்கு அது என்னோடது இல்ல" என்றீர்கள். நான் வேலியோரம் நின்றேன். தாளை எழுதினது நான் என்று அவாவுக்குத் தெரியும். தெரிந்தும் என் பக்கம் திரும்பவில்லை. அது அடித்ததை விடக் கூட நொந்தது. ஏழு வீட்டுக்கும் போய் நீங்கள் அப்படியே செய்தீர்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

பிறகு நீங்கள் கந்தோருக்குப் போகத் தொடங்கினீர்கள், கொப்பியைத் திருப்பிக் கேட்க. ஒவ்வொரு திங்களும். ஐயோ, அந்தத் திங்கட்கிழமைகள்! பஸ்ஸில் உங்களோடு வருவேன். கந்தோருக்கு இருநூறு யார் தூரம் முன்னால் ஒரு தேத்தண்ணிக் கடை, அதோடு என் தைரியம் முடிந்துவிடும். "நான் இஞ்சை நிக்கிறன், நீங்கள் போயிட்டு வாங்கோ" என்பேன். நீங்கள் ஒரு நாளும் கட்டாயப்படுத்தவில்லை. உள்ளே நீட்டு மர வாங்கில் இருத்தி வைப்பார்கள், சில நாள் மூன்று மணி வரை. வெளியே வரும்போது காலை இழுத்துக்கொண்டு வருவீர்கள். கொப்பி வந்ததேயில்லை.

ஒரு திங்கள் கடையில் வைத்துக் கேட்டேன். "இன்னும் அந்த அதிகாரத்தை நம்புறியளோ?"

"நம்புறேன் ஐயா. ஆனா நான் தப்பாப் படிச்சுப்புட்டேன். கீழ்ப்படியிறதுன்னா கேக்கிறதையெல்லாம் தூக்கிக் குடுக்கிறதுன்னு நெனச்சிட்டேன். ராசாவுக்குள்ளது ராசாவுக்கு. பூமணி அக்கா அழுதது ராசாவுக்குள்ளதா?"

"அப்ப இனிமேல் கேட்டால் இல்லையெண்டு சொல்லுவமே? எகிப்திலை மருத்துவிச்சிமார் அரசனுக்குப் பொய் சொல்லித்தானே பிள்ளையளைக் காப்பாத்தினவை? கடவுள் அவையைத் தண்டிக்கேல்லையே!"

நீங்கள் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு யோசித்தீர்கள். "அவங்க பிள்ளைகளக் காப்பாத்தப் பொய் சொன்னாங்க. நீங்க யாரக் காப்பாத்தச் சொல்லப் போறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் அதைக் குத்திக் காட்டிச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டீர்கள். பிறகு சொன்னீர்கள்: "கூப்பிட்டா போவோம். ஓட மாட்டோம். கேட்டா முடியாதுன்னு சொல்லுவோம். அதுக்கு என்ன செய்றாங்களோ செய்யட்டும், அதையும் ஏத்துக்குவோம். எனக்குத் தெரிஞ்ச கீழ்ப்படிதல் இப்ப இம்புட்டுத்தான்." சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தீர்கள். அது முழுக்க ஆறிப்போயிருந்தது.

ஆறு மாதம் கழித்துப் பூமணி அக்கா தானாகவே கொட்டகைக்கு வந்தா. மேசைக்கு முன்னால் நின்று, என் முகத்தைப் பார்க்காமல், "எழுதுங்கோ" என்றா. அன்று தொடங்கினதுதான் இந்த இரண்டாவது கொப்பி. இதில் விலாசம் இல்லை. பெயரும் வேண்டுதலும் மட்டும். அவா தொடங்க மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். பிறகு உங்களுக்குக் கிட்னி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்னார்கள், இந்தப் பகுதியில் எத்தனை பேருக்குச் சொன்னதைப் போல. ஆசுப்பத்திரிக் கட்டிலிலும் கொப்பியைக் கொண்டு வரச் சொல்லி வாசித்தீர்கள். அந்த எண்ணெய்க் கறைகளில் பாதி அங்கே வந்தவை. நீங்கள் போனபிறகு புதுப் பாஸ்டர் இன்னும் வரவில்லை. எழுதுகிறதும் நான், வாசிக்கிறதும் நான்.

இன்று காலை ஆராதனை முடிய எல்லாரையும் இருக்கச் சொல்லி, தொலைபேசி வந்ததைச் சொன்னேன். ஒரு தாய் தன்னுடைய பக்கத்தைக் கிழித்துத் தரச் சொல்லிக் கேட்டா. அவாவில் பிழை சொல்லமாட்டேன். எல்லாரும் போனபிறகு பூமணி அக்கா நின்றா.

"கிளாக்கர், என்ன செய்யப் போறியள்?"

"எரிச்சுப்போட்டால் எல்லாருக்கும் நல்லது அக்கா."

"என்ர பெடியன்ர பேரையோ?"

நான் தலையைக் குனிந்தேன்.

"வேறை எங்கை அவன்ர பேர் எழுதிக் கிடக்கு, சொல்லுங்கோ பாப்பம். படிச்ச பள்ளிக்கூடமும் குண்டு விழுந்து அழிஞ்சு போச்சுது. அவன் இருந்தவன் எண்டு இந்தக் கொப்பிதான் சொல்லுது. எரிக்காதையுங்கோ. அவங்களிட்டைக் குடுக்கவும் வேண்டாம்."

எரிக்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. சொல்லிவிட்டு அவா போய்விட்டா. பாஸ்டர், நீங்கள் தனி ஆள், உங்களுக்குப் போனது உங்கள் முழங்கால் மட்டும்தான். எனக்கு மனுசி இருக்கிறா. வவுனியாவில் படிப்பிக்கிற மகள் இருக்கிறாள். ஓய்வூதியத்தில்தான் அடுப்பு எரிகிறது. நல்லது செய்கிறவன் பயப்படத் தேவையில்லை என்று எழுதியிருக்கிறதே, அப்படியென்றால் எனக்கு ஏன் இந்தப் பயம்? நாளை மறுநாள் பத்து மணி. என்ன செய்யப் போகிறேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை. இதற்கு மேல் இன்று எழுத ஏலாது.

புதன்கிழமை. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

திங்கள் விடிய நான் பல்லு விளக்கிக்கொண்டிருக்கும்போதே பூமணி அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டா, கையில் பனையோலைக் கடகம். இரவு முழுக்க யோசித்திருக்கிறா போல. "கிளாக்கர் பயந்த ஆள். உங்களிட்டை இருந்தால் நீங்கள் குடுத்துப்போடுவியள். என்னட்டைத் தாங்கோ" என்றா. ரோசப்பட என்னிடம் என்ன இருக்கிறது? உள்ளதைத்தானே சொன்னா. கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். மேலே கீரைப்பிடியை வைத்து மூடிக்கொண்டு போய்விட்டா. அதோடு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக இன்னும் பயம் கூடினது. கொப்பி கையில் இருந்தால் கடைசி நேரத்தில் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று உள்ளுக்குள் எங்கேயோ நினைத்திருக்கிறேன். அந்தக் கதவும் அடைபட்டுவிட்டது.

செவ்வாய் ஒன்பதரைக்கே போய்விட்டேன். தேத்தண்ணிக் கடையைத் தாண்டும்போது கால் தானாக அந்தப் பக்கம் திரும்பினது. இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே அதே வாங்காகத்தான் இருக்க வேண்டும், சுவரோடு போட்டிருந்தது. பன்னிரண்டே கால் வரை இருத்தினார்கள். இரண்டு தரம் ஒதுங்கப் போய்வந்தேன்.

கூப்பிட்டவர் என் மகளின் வயதுக்காரர். கதிரையைக் காட்டி "இருங்க ஐயா" என்றார். என்ன படிப்பு, எந்தக் கந்தோரில் வேலை, எப்போது ஓய்வு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை, அவரே சொன்னார். எல்லாம் சரியாகச் சொன்னார். பிறகு, "மகள் வவுனியாவிலதானே படிப்பிக்கிறாங்க?" என்றார். சாதாரணமாக, சுகம் விசாரிக்கிற மாதிரி. தலையை மட்டும் ஆட்டினேன்.

"கொப்பி?"

"கொண்டு வரேல்லை சேர்."

"மறந்துட்டீங்களா?"

நான் வாயைத் திறக்க முதலே அவர் எழுதத் தொடங்கினார். ஒரு தாள் நிறைய எழுதி, என் பக்கம் திருப்பி, கையெழுத்து வைக்கச் சொன்னார். சிங்களத்தில் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும் என்று அவருக்குத் தெரியுமோ, தெரியாதென்று நினைத்தாரோ தெரியாது. கடைசிக்கு முந்தின வரி: கொப்பியைக் கொண்டு வர மறந்துவிட்டார், அடுத்த கிழமை கொண்டு வந்து ஒப்படைப்பார்.

பாஸ்டர், பேனையை எடுத்துவிட்டேன். பொய்யை உங்களிடம் சொல்லி என்ன? முனை தாளில் பட்டும்விட்டது. வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், ஒரு கிழமை கிடைக்கும், ஒரு கிழமைக்குள் என்னவும் நடக்கலாம். அந்த மனுசன் இரக்கப்பட்டு எழுதினாரா, மாட்ட எழுதினாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் முன்னொரு தரம் இதே மாதிரித் தாளில் கோடு போட்டு எழுதிக் கொடுத்த கை இது. அது எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வந்தது, என்ன செய்ய.

"சேர், இந்த வரி பிழை."

"என்ன பிழை?"

"நான் மறக்கேல்லை. கொப்பி இருக்கு. தரேலாது. அப்பிடி எழுதுங்கோ."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வெளியே யாரோ தட்டெழுதுகிற சத்தம் கேட்டது.

"எங்க இருக்கு?"

"அதையும் சொல்லேலாது சேர்."

"தர மாட்டேன் என்று சொல்லவா ஸ்கந்தபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தீங்க? வராம இருந்திருக்கலாமே."

"நீங்கள் வரச் சொன்னனீங்கள். அரசாங்கம் கூப்பிட்டால் வரவேணும். வந்தனான். கொப்பிக்குள்ளை இருக்கிறது சனம் கடவுளுக்குச் சொன்னது. அது உங்களுக்குள்ளது இல்லை சேர், எனக்குள்ளதும் இல்லை."

நான்தான் சொன்னேன் என்று எனக்கே நம்ப முடியவில்லை. குரல் கீச்சென்று, பொம்பிளைப் பிள்ளையின் குரல் மாதிரி வந்தது. மேசை விளிம்பைப் பிடித்திருந்த கை ஆடி, மேசையில் இருந்த கண்ணாடித் தம்ளரும் சேர்ந்து கிணுகிணுத்தது. அவர் அந்தத் தம்ளரைப் பார்த்தார்.

"ஐயாவுக்குப் பயம்தானே?"

"ஓம் சேர். சரியான பயம்."

பேனையைத் திரும்பவும் எடுத்தார். பிறகு அந்த வரியை வெட்டி, நான் சொன்னபடியே மேலே எழுதினார். எழுதி முடித்து, "இதுக்குக் கையெழுத்து வச்சா என்ன ஆகும் என்று ஐயாவுக்குத் தெரியும்தானே, ஐயா கந்தோர்ல இருந்தவர்" என்றார். தெரியும் என்றேன். வைத்தேன். என் கையெழுத்து மாதிரியே இல்லை, கோழி கிளறினது மாதிரி இருந்தது. "போங்க. கூப்பிடுவோம்" என்றார்.

வெளியே வந்து வெயிலில் நின்றேன். வென்று வந்த உணர்வு ஒன்றும் வரவில்லை. தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். கடைக்காரர் தண்ணி தந்தார். வீட்டுக்கு வந்து மனுசியிடம் சொன்னதும் அவா தலையில் கையை வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்துவிட்டா. "உங்களுக்கு எங்கையிருந்து வந்தது இந்தத் துணிச்சல், இந்த வயசிலை" என்று அழுதா. துணிச்சல் எங்கே வந்தது? அவாவுக்கு எப்படி விளங்கப்படுத்துகிறது? மகளுக்குத் தொலைபேசி எடுத்து, ஒன்றையும் சொல்லாமல், சாப்பிட்டியோ பிள்ளை என்று மட்டும் கேட்டேன்.

அந்த அதிகாரத்தை நான் இன்னும் உங்களைப் போல நம்பவில்லை, பாஸ்டர். அரசாங்கத்தைக் கடவுள் நல்லதுக்கு வைத்தார் என்றால், அது அவர் வைத்த இடத்தில்தான் நிற்கிறதா என்று அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம், கூப்பிட்ட நேரத்துக்குப் போனேன், பொய்க்குக் கையெழுத்து வைக்கவில்லை, இனிக் கூப்பிட்டாலும் போவேன். பயம் குறையவேயில்லை. இதை எழுதும்போதும் ஒரு மோட்டார்சைக்கிள் ஒழுங்கையால் வருகிறது, பேனையை வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன். போய்விட்டது.

வருகிற ஞாயிறு பூமணி அக்கா கொப்பியைக் கடகத்துக்குள் வைத்துக் கொண்டு வருவா. சுதாகரன், நீலச் சாரம், நேரத்துக்குச் சாப்பாடு. கொட்டகையின் கடைசி வாங்கில் கந்தோரிலிருந்து யார் வந்து இருந்தாலும், இருக்கிற பயத்தோடேயே, அதைச் சத்தமாக வாசிப்பேன்.